கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஞாயிறு. காலை ஆறரைக்கே கார் பூட் சேலுக்குப் போய் வந்தாகிவிட்டது, விரலெல்லாம் இன்னும் விறைத்துப்போயிருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கிலாந்தில் வீட்டுக்கு வேண்டாத சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, ஏதாவது மைதானத்தில் டிக்கியைத் திறந்துவைத்து விற்பார்கள். அங்கே இரண்டு பவுண்டுக்கு இந்தக் கண்ணாடி டம்ளர் கிடைத்தது. பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள், இன்னும் கழுவவில்லை. இது ஓரமாக இருக்கட்டும், கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால், பட்டை தீட்டிய பழைய கண்ணாடிச் சாமானை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன்.

இப்போது மேஜையில் இரண்டு கண்ணாடிக் கிண்ணம் வைத்திருக்கிறேன். கேமராவில் இரண்டுமே ஒரே மாதிரி பளபளக்கும். ஆனால் இடது பக்கம் இருப்பது அச்சில் ஊற்றி அழுத்திச் செய்தது. வலது பக்கம் இருப்பது ஆள் உட்கார்ந்து, சக்கரத்தில் பிடித்துப் பட்டை தீட்டியது. கண்ணை நம்பாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். இடது கிண்ணத்தின் பட்டை ஓரம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கலாக இருக்கிறது. வலது கிண்ணத்தில் விரல் சுருக்கென்று நிற்கிறது. அப்புறம், இதோ, டார்ச்சை இப்படிச் சாய்த்துப் பிடிக்கிறேன். இடது கிண்ணத்தில் மேலிருந்து கீழே தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு போகிறது, தெரிகிறதா? அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடம் அது. பட்டை தீட்டிய கண்ணாடியில் அந்தக் கோடு இருக்காது. மாறாக, கட்டங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று கொஞ்சம் பெரிதாக, ஒன்று கொஞ்சம் சிறிதாக இருக்கும். கைவேலை அப்படித்தான்.

சுண்டிப் பார்த்தால் ‘டிங்’ என்று கோயில் மணி மாதிரி நீளும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கனமான அடி உள்ள நல்ல டம்ளர்கூட ‘டொக்’ என்றுதான் சொல்லும்.

இந்த மினுக்கத்துக்குக் காரணம் ஈயம். 1674-இல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் தெளிந்த கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த சில வருடங்களில் அதில் ஈய ஆக்ஸைடு சேர்த்துப் பக்குவப்படுத்தினார். ஈயம் சேர்ந்தால் கண்ணாடி கனக்கும், ஒளியை நன்றாக ஒடிக்கும், சக்கரத்துக்கும் இணங்கிக் கொடுக்கும். ஆழமாக வெட்ட வேறென்ன வேண்டும்? அரசாங்கம் சும்மா இருக்குமா, 1745-இல் எடையைக் கணக்கிட்டு வரி போட்டது. அது 1845 வரை நூறு வருடம் இருந்தது. வரி போனதும் கனமும் ஆழமும் தாராளமாகிவிட்டன. 1851-இல் லண்டன் பெரிய கண்காட்சியின் நடுவில் நின்ற கண்ணாடி நீரூற்று 27 அடி உயரம், நாலு டன் கண்ணாடி. செய்தது பிர்மிங்காம் ஓஸ்லர் கம்பெனி. அவர்களுக்குக் கல்கத்தாவில் காட்சிக்கூடமே இருந்தது. உதய்பூர் அரண்மனையில் இருக்கிற கண்ணாடி நாற்காலி, மேஜை, கட்டில் எல்லாம் இவர்கள் வேலைதான். கண்ணாடிக் கட்டிலில் எப்படித் தூக்கம் வரும் என்று கேட்காதீர்கள்.

நம் கைக்கு எட்டுவது அந்த அளவு இல்லை. சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு, அதிலும் பிர்மிங்காமுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டவர்பிரிட்ஜ் வட்டாரத்துச் சரக்கு. வேர்ட்ஸ்லி, ஆம்பிள்கோட், பிரையர்லி ஹில், எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். தாமஸ் வெப், ஸ்டுவர்ட், வெப் கார்பெட், பிறகு ராயல் பிரையர்லி என்று பெயர் மாறிய ஸ்டீவன்ஸ் அண்ட் வில்லியம்ஸ், இந்தக் கண்ணாடிக் கம்பெனிகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. வேர்ட்ஸ்லியில் கண்ணாடி உலையைச் சுற்றிக் கட்டிய செங்கல் கூம்பு ஒன்று நூறு அடி உயரத்துக்கு இன்னும் நிற்கிறது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். தொழிற்சாலைகள்தான் இல்லை. தாமஸ் வெப் 1990-இல் மூடியது, ஸ்டுவர்ட் 2001-இல்.

இந்தக் கம்பெனிகள் தங்கள் பெயரை அமிலத்தால் அடிப்பக்கம் பொறித்திருக்கும். பழைய சாமான்களில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது, அதனால் முத்திரை இல்லை என்று நல்ல பொருளை விட்டுவிட வேண்டாம். இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது. அமெரிக்காவுக்கு அனுப்பும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்ற சட்டம் அப்போது அமலுக்கு வந்தது.

அடியை இன்னொன்றுக்காகவும் பார்க்கவேண்டும். எண்பது வருடம் மேஜையில் வைத்து எடுத்த டம்ளர் என்றால், தரையில் படும் விளிம்பில் மட்டும் திசை இல்லாமல் பொடிக் கீறல்கள் இருக்கும். எல்லாக் கீறலும் ஒரே திசையில், அடி முழுக்க ஓடினால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

சரி, நான் ஏமாந்த கதைக்கு வருவோம். இந்த டிகேன்டர், அதாவது ஒயின் மாதிரி பானங்களை ஊற்றிவைக்கும், மூடி போட்ட கண்ணாடிக் குடுவை. பழம்பொருள் சந்தை ஒன்றில் இருபது பவுண்ட் கொடுத்து வாங்கினேன். மூடி அதே ஜோடிதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. வீட்டுக்கு வந்து மூடியைப் போட்டால் கடகடவென்று ஆடுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இதோ, கழுத்து விளிம்பில் பொடியாகக் கீறியிருக்கிறது பாருங்கள், 7. மூடியின் காம்புக்கு அடியில்? 31. ஒவ்வொரு மூடியையும் அதனதன் கழுத்துக்கு உராய்த்துப் பொருத்துவார்கள், மாறிப்போகாமல் இருக்க இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறிவைப்பார்கள். இப்படி ஜோடி மாறியதை இந்த ஊர் வியாபாரிகள் ‘கல்யாணம்’ என்பார்கள். பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூடப் பார்க்காத கல்யாணம். அதற்கு நான் மொய் வேறு வைத்திருக்கிறேன், இருபது பவுண்ட்.

உள்ளே வெள்ளையாகப் படர்ந்திருப்பதையும் கவனியுங்கள். அழுக்கு என்று நினைத்து வினிகர், அரிசி எல்லாம் போட்டுக் குலுக்கினேன், போகவில்லை. உள்ளே தண்ணீர் தங்கி, கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப்போயிருக்கிறது. உள்பக்கத்தை யாராவது மெருகேற்றினால்தான் உண்டு. கடையில் ஈரமாக இருக்கும் டிகேன்டரை வாங்காதீர்கள், ஈரம் காயும் வரைக்கும் இந்த வெள்ளை தெரியாது. இன்னொன்று, ஈயக் கண்ணாடியில் ஒயினோ ஜூஸோ நாள்கணக்கில் ஊற்றிவைக்கக் கூடாது, ஈயம் இறங்கும். டிஷ்வாஷர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது அந்த இரண்டு பவுண்ட் டம்ளர். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு, சிங்க்கில் அடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டேன். ஓரம் சுருக்கென்று இருக்கிறது, நல்லது. அச்சுக் கோடு இல்லை. அடியில் நட்சத்திர வெட்டு, விளிம்பில் நியாயமான தேய்மானம். முத்திரை வெறும் கண்ணுக்குத் தெரியாது, வாயால் ஆவி ஊதவேண்டும். ஹா... இருங்கள், இன்னொரு தடவை. ஹா... ஆ, வந்துவிட்டது! இரண்டு வரி இருக்கிறது. கீழ் வரி தெளிவாகப் படிக்க முடிகிறது, இங்கிலாந்து. மேல் வரியில்தான் கம்பெனி பெயர் இருக்கவேண்டும்.

அது மட்டும் சுத்தமாகத் தேய்ந்துபோயிருக்கிறது.