அடி கறுக்கும் தக்காளி

வணக்கம் நேயர்களே. கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருக்கிறது. கிணறுகளிலே தண்ணீர் மேலே வந்துவிட்டது. இந்த நேரத்தில் தக்காளிக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேச ஒருவர் வருகிறாரே என்று நினைப்பீர்கள். ஆனால் இந்தக் கிழமை நாற்றுப் போட்டால்தான் மாசியிலே காய் வரும். அந்தக் காய் அடி கறுத்து விழுமா, முழுதாகப் பழுக்குமா என்பது தண்ணீரிலே இருக்கிறது. ஆகவே நாற்றிலே தொடங்கித் தண்ணீருக்கு வருகிறேன்.

முதலில் காலம். தக்காளிக்கு இரவுக் குளிர் வேண்டும். இரவு வெப்பநிலை 24 பாகைக்கு மேலே நின்றால் செடி பூக்கும், ஆனால் மகரந்தம் சரியாக உருவாகாது. பூவின் காம்பு மஞ்சளாகும், தொட்டால் கழன்று விழும். சித்திரையிலே நட்டவர்கள் "செடி நல்லாத்தான் நிக்குது, பூவெல்லாம் கொட்டுது" என்று சொல்வது இதனால்தான். மண்ணிலே குறை இல்லை. வன்னியில் வாடைக்காற்று வீசுகிற மார்கழி, தை இரவுகள்தான் தக்காளி பிஞ்சு பிடிக்கிற இரவுகள். பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். தை நடுவிலே பூக்க வேண்டுமானால் மார்கழி பத்தாம் பதினைந்தாம் திகதியளவில் கன்றை நட வேண்டும். அதற்கு 25 நாள் முன்னால், அதாவது இப்போது, விதை போட வேண்டும்.

விதை போட முன்னால் மண்ணிலே இருக்கிற நோய்க்கிருமியைக் கொல்ல வேண்டும். அதற்கு, வயல் அளவில் செய்பவர்கள் நாற்றுமேடையின் மேலே வைக்கோலும் உமியும் அடுக்கி எரிப்பார்கள். இந்த மழையிலே உமி எங்கே எரியப் போகிறது? வீட்டுக்கு 20 கன்று போதும் என்றால் வேறு வழி இருக்கிறது. மேல்மண், மணல், அரித்த கூட்டெரு மூன்றையும் சம அளவாகக் கலந்து, ஒரு பழைய சட்டியிலே போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை அது முழுக்க நனையும்வரை ஊற்றுங்கள். மூடி வைத்து, நன்றாக ஆறிய பிறகு யோகட் கப்புகளிலே நிரப்புங்கள். கப்பின் அடியிலே மூன்று ஓட்டை வேண்டும். கப்புக்கு இரண்டு விதை, அரைச் சென்ரிமீற்றர் ஆழம். ஐந்து முதல் ஏழு நாளிலே முளைக்கும். இரண்டும் முளைத்தால் நோஞ்சானைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் மற்றதன் வேரும் ஆடும்.

மழைத்துளி நேரே விழாமல் மேலே பொலித்தீன் கூரை போடுங்கள், பக்கங்கள் திறந்திருக்கட்டும். நாற்று மண்மட்டத்திலே நூல் கட்டி இறுக்கினதுபோல மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். ஈரம் கூடி, காற்று குறைந்து, நிழலிலே நெருங்கி நின்றால்தான் அது வரும். காலையிலே மட்டும் தண்ணீர் தெளியுங்கள். மாலையிலே தெளித்தால் இரவு முழுக்க ஈரத்திலே நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இலைச்சுருளலுக்குப் பயந்து பலர் நாற்றுக்கு நுளம்பு வலை கட்டுகிறார்கள். அந்த நோயைக் காவுவது வெண் ஈ. நுளம்பு வலையிலே இருக்கிற கண் வெண் ஈக்கு வாசல் மாதிரி, அதனூடே தாராளமாகப் போய் வரும். நாற்றுமேடைக்கென்று விற்கிற நெருக்கமான வலைதான் வேண்டும். அது இல்லையென்றால் மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் துண்டொன்றுக்கு ஆமணக்கெண்ணெய் பூசிப் பக்கத்திலே நட்டுவிடுங்கள். ஈ வந்து ஒட்டும். ஒட்டின எண்ணிக்கையைப் பார்த்தாலே எவ்வளவு தொல்லை இருக்கிறதென்று தெரிந்துவிடும்.

கன்று நடும்போது இரண்டு விடயம். வரிசைக்கு வரிசை 80 சென்ரிமீற்றர், கன்றுக்குக் கன்று 50. மார்கழி மழை இன்னும் முடிந்திருக்காது, ஆகவே பள்ளத்திலே நட வேண்டாம், அரை அடி மேடு கட்டி அதன் மேலே நடுங்கள். மழை நின்ற பிறகு அந்த மேட்டைச் சுற்றிப் பாத்தி கட்டிக்கொள்ளலாம். குழிக்கு ஒரு சிறிய வாளி மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு. பச்சைச் சாணி வேண்டாம். மாலையிலே, கீழ் இலைகள் இரண்டைக் கிள்ளிவிட்டு, தண்டின் பாதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள். தக்காளித் தண்டு மண் பட்ட இடத்திலெல்லாம் வேர்விடும். கத்தரிக்கோ மிளகாய்க்கோ இப்படிச் செய்யாதீர்கள்.

இப்போது தண்ணீர். இதைத்தான் நான் மெதுவாகச் சொல்லப் போகிறேன்.

மாசி மாதத்திலே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இப்படி ஒரு கதை நடக்கும்.

"அக்கா, என்ர தக்காளி எல்லாம் அடி கறுக்குது."

"கல்சியம் காணாது பிள்ளை. முட்டைக்கோதை இடிச்சுப் போடு."

அக்கா சொன்னதிலே பாதி சரி. காயின் அடி, அதாவது பூ இருந்த பக்கம், முதலில் வெந்ததுபோல நீர்கோத்து, பிறகு தோல்போலக் கறுத்து உள்ளே குழிவதற்குக் காரணம் கல்சியக் குறைவுதான். ஆனால் அந்தக் குறை காயிலே இருக்கிறது, நிலத்திலே இல்லை. உங்கள் வீட்டுக் கேத்தலைத் திறந்து பாருங்கள். அடியிலும் சுவரிலும் வெள்ளையாக, சுரண்டினால் செதிலாக உரிகிறதே, அது பெரும்பாலும் கல்சியம்தான். வன்னியிலே மிகப் பல கிணறுகள் அப்படித்தான். நீங்கள் ஒவ்வொரு நாளும் கல்சியத்தைத்தான் வாளி வாளியாக விடுகிறீர்கள். முட்டைக்கோது மண்ணிலே கரைய மாதக் கணக்கு எடுக்கும், அதுவும் புளிப்புத்தன்மை இல்லாத மண்ணிலே கரைவதே அரிது. இந்தப் போகத்துக் காய்க்கு அது உதவாது.

அப்படியானால் கல்சியம் ஏன் காய்க்குப் போகவில்லை? கல்சியத்துக்குத் தானாக நடக்கத் தெரியாது. வேரிலிருந்து மேலே ஏறுகிற தண்ணீரோடுதான் போகும். தண்ணீரை இழுப்பது வெயிலிலே ஆவியை விடுகிற இலைகள். காய் அவ்வளவு இழுப்பதில்லை. தண்ணீர் தாராளமாக இருந்தால் காய்க்கும் பங்கு வரும். ஒரு நாள், இரண்டு நாள் தட்டுப்பட்டால் இருக்கிறதை இலைகளே எடுத்துக்கொள்ளும். காயிலே கடைசித் தொங்கல் அடிப்பக்கம், ஆகவே அதுதான் முதலில் பட்டினி கிடக்கும். அந்த நேரத்திலே காய் நெல்லிக்காய் அளவுதான் இருக்கும், வெளியிலே ஒன்றும் தெரியாது. கறுப்புத் தெரிவது பிறகுதான். அதனால்தான் கறுப்பைக் கண்ட அன்று நிறையத் தண்ணீர் விட்டும் பயன் கிடைப்பதில்லை. தவறு நடந்தது முன்னே. கறுத்த காயைப் பிடுங்கிவிடுங்கள், அது மாறாது. கறுத்த பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கறிக்கு எடுக்கலாம்.

ஆக, கிழமைக்கொரு தடவை பம்ப் போட்டு வெள்ளமாக விடுவதும், பிறகு மறந்து போவதும்தான் அடி கறுக்க வைக்கிறது. அளவு காணாததை விட, ஒழுங்கில்லாததுதான் குற்றம். திரும்பவும் சொல்கிறேன்: நிறைய விடுவதல்ல, ஒரே மாதிரி விடுவது.

எப்போது விடுவதென்று மண்ணைக் கேளுங்கள். மாங்குளம், நெடுங்கேணிப் பக்கத்துச் செம்மண் மேலே காய்ந்து ஓடுபோல இறுகியிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். கண்ணை நம்ப வேண்டாம். சுட்டுவிரலை இரண்டாவது மடிப்பு வரை விட்டு, அந்த ஆழத்து மண்ணைக் கிள்ளி உள்ளங்கையிலே வைத்துப் பொத்துங்கள். கையைத் திறக்கும்போது உருண்டையாக நின்றால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். உதிர்ந்தால் விடுங்கள். முல்லைத்தீவுக் கரையோர மணலிலே இந்த உருண்டை வராது. அங்கே தண்ணீர் நில்லாமல் இறங்கிவிடும், ஆகவே குறைவாக, ஒவ்வொரு நாளும், வெயில் கடுமையானால் இரண்டு வேளையாகப் பிரித்து விட வேண்டும்.

காய்க்கிற செடிக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் என்று கணக்கு வையுங்கள். செம்மண்ணிலே ஒருநாள் விட்டு ஒருநாள் அதற்கேற்ற அளவு விடலாம். காலையிலே, இலையிலே படாமல், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாக. பாதியை விட்டுப் பத்து நிமிடம் பொறுத்து மிச்சப் பாதியை விடுங்கள். இறுகின மண் முதல் தடவையிலே தண்ணீரை உள்ளே எடுக்காது, ஓடவிட்டுவிடும். முதல் பாதி மேலோட்டை இளக்கும், இரண்டாவது பாதி வேருக்குப் போகும். மேலே இரண்டு அங்குலத்துக்கு வைக்கோல் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் வெறுமையாக இருக்கட்டும், வைக்கோலோடு கறையானும் வரும்.

தண்ணீர்ப் போத்தலின் மூடியிலே ஊசியைச் சுட்டுத் துளையிட்டு, கவிழ்த்து நட்டுச் சொட்டவிடுவது வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல வழி. ஆனால் நமது தண்ணீருக்கு அந்தத் துளை இரண்டு மூன்று கிழமையிலே அடைத்துவிடும், அதே கேத்தல் வெள்ளைதான். மூடியைக் கழற்றித் தேசிக்காய்ப் புளியிலே ஓர் இரவு போட்டுவைத்தால் கரைந்துவிடும்.

யூரியாவும் இதே கதைக்குள்தான் வருகிறது. கன்றுக்குத் தடவைக்கு அரைத் தேக்கரண்டி, நட்டு மூன்றாம் கிழமையிலே ஒரு தடவை, பூக்கும்போது ஒரு தடவை, அதற்கு மேல் வேண்டாம். கூடப் போட்டால் இலை பெருகும். பெருகின இலை இன்னும் தண்ணீரை இழுக்கும், காயின் அடி இன்னும் கறுக்கும். பழம் வெடிப்பதும் அப்படியே. காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று மழை கிடைத்தால் உள்ளே சதை வீங்கும், தோல் இழுபடாது, வெடிக்கும்.

வாடலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடினவுடனே தண்ணீர் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடுப்பகலிலே தலை தொங்கி மாலையிலே நிமிர்ந்தால் அது வெயில்தான். காலையிலேயே, இலை பச்சையாக இருக்கும்போதே தொங்கினால் அந்தத் தண்டை அடியிலே வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டின முனை மட்டும் தண்ணீரிலே தொடும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடத்திலே பால்போல வெள்ளை நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். மருந்தடித்து மீட்க முடியாது. வேரோடு, மண்ணோடு எடுத்து எரியுங்கள். அந்த இடத்திலே தக்காளி மட்டுமல்ல, கத்தரி, மிளகாய் ஒன்றும் அடுத்தடுத்து வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம். சோளமோ வெங்காயமோ போடுங்கள். வாடலைத் தாங்குகிற திலின போன்ற இனம் கிடைக்குமா என்று உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.

நேரம் முடிந்துகொண்டு வருகிறது, கத்தரியும் வெண்டியும் பயிற்றையும் சொல்வதாகத்தான் வந்தேன். ஒரு சொல்லிலே சொல்கிறேன்: தக்காளி முடிகிற பங்குனியிலே அந்தப் பாத்தியில் பயிற்றங்கொடியை ஏற்றுங்கள், தக்காளிக்கு நட்ட தடியே போதும். வெண்டி சித்திரை வெயிலுக்கும் பயப்படாது, ஆனால் பிஞ்சிலே இரண்டு நாளுக்கொருக்கால் பறிக்க வேண்டும். கத்தரியைத் தக்காளி நின்ற இடத்திலே வைக்காதீர்கள்.

மயிலும் குரங்கும் வருகிற வளவென்றால் பழுக்கும்வரை செடியிலே விட வேண்டாம். அடியிலே இளஞ்சிவப்பு கண்டவுடன் பறித்து வீட்டுக்குள்ளே வைக்கோலிலே பரப்புங்கள், சுவை குறையாது. பங்குனி வெயிலிலே செடியில் பழுக்கிறது மஞ்சளாகவே நின்றுவிடும், நிழலிலே பழுக்கிறதுதான் நன்றாகச் சிவக்கும்.

விதை எடுக்க: இரண்டாம் மூன்றாம் குலையிலே நல்ல பழம், விதையைச் சாறோடு ஒரு பேணியிலே இரண்டு நாள், நுரைத்தவுடன் கழுவுங்கள், தாழ்கிறதை மட்டும் எடுத்து நிழலிலே உலர்த்துங்கள். கடதாசியிலே வேண்டாம், ஒட்டிக்கொள்ளும், சுளகிலே போடுங்கள். கலப்பின விதையிலிருந்து வந்த பழமானால் எடுக்க வேண்டாம், அடுத்த தடவை அதே காய் வராது. நன்றி, வணக்கம்.