கீற்று முடைந்தவர் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பேராவூரணிப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்தில் மூன்று ஏக்கர் தென்னையும் ஒன்றரை ஏக்கர் நெல்லும் வைத்து விவசாயம் செய்கிறேன். நியாயமான, எந்த இடரையும் தாங்கி நிற்கிற உணவு, உழவு முறை எப்படி இருக்க வேண்டும் என்று பேசக் கேட்டார்கள். பெரிய விஷயம். எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து பேசினால்தான் என் பேச்சுக்கு வேர் இருக்கும். அதனால் 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையிலிருந்து தொடங்குகிறேன்.

கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறிய இரவு அது. நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் கதவை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். தென்னை வேரோடு சாயும்போது முதலில் மண் கிழிகிற சத்தம் வரும், அப்புறம்தான் மரம் தரையில் அடிக்கும். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை. விடிந்ததும் தோப்புக்குப் போனேன். 210 மரங்களில் 172 படுத்திருந்தன. எங்கள் அப்பா நட்டவை அதில் பாதிக்கு மேல். தோப்புக்குள் நின்றால் பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. அதுவரை ஒருநாளும் அங்கிருந்து தெரிந்ததில்லை.

வெளியூர் நேயர்கள் கேட்கலாம், ஒரு வட்டாரமே ஏன் தென்னையை மட்டும் நம்பியிருந்தது என்று. காரணம் தண்ணீர். எங்கள் பகுதிக்குப் பாசனம் கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டி 1930-களில் முடித்தது. நாங்கள் புது ஆறு என்போம். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தார்கள் என்று செய்தி வரும். அந்தத் தண்ணீர் தஞ்சாவூர் தாண்டி, ஒரத்தநாடு தாண்டி, பட்டுக்கோட்டை தாண்டி எங்கள் மடைக்கு வருவதற்குள் நாற்று முற்றிவிடும். சில வருடம் வரவே வராது. இப்படி நெல்லில் கை சுட்டவர்கள் ஒவ்வொருவராக ஆழ்குழாய் போட்டுத் தென்னைக்கு மாறினோம். பெற்ற பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதை நம்பினோம். நம்பியதில் தப்பில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் அதை மட்டுமே நம்பியதுதான் தப்பு. ஆடு, மாடு, உளுந்து, எள், வீட்டுக்குத் தேவையான காய்கறி எல்லாம் தோப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஒரே இரவில் எல்லா வீட்டிலும் வருமானம் நின்றபோது, கடன் கேட்கக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. எல்லோரும் ஒரே நிலைமையில் இருந்தோம்.

சரி, நிவாரணத்துக்கு வருகிறேன். விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடு, அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். அந்த நேரத்தில் அது கைக்கு வந்தது உதவிதான், மறுக்க மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். நல்ல மரம் வருடத்துக்கு நூறு காய் தரும். காய் பத்து ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் ஆயிரம் ரூபாய். அதாவது எனக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு வருட வருமானம். நெட்டை ரகக் கன்று நட்டால் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். நடுவில் உள்ள வருடங்களுக்கு என்ன செய்வது என்பது என் பாடு. விழாமல் நின்ற 38 மரங்களும் குருத்து முறுகிப்போய் இரண்டு வருடம் சரியாகக் காய்க்கவில்லை. நின்ற மரம் என்பதால் அவை எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஆனாலும் எனக்குப் பட்டா இருந்தது, வங்கிக் கணக்கு இருந்தது, பணம் வந்தது. என் தோப்பில் இருபது வருடமாகக் கீற்று முடைந்த அக்கா ஒருவர் இருக்கிறார். விழுந்த மட்டையை எடுத்துப்போய் ஊறவைத்து, முடைந்து, கீற்றாக விற்பார். மரம் விழுந்த முதல் இரண்டு மாதம் ஊரெல்லாம் மட்டை குவிந்து கிடந்தது, இரவு பகலாக முடைந்தார். அப்புறம் மட்டையே இல்லை. ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்று, "தம்பி, விழுந்த மரத்தை வந்து எண்ணிக்கிட்டுப் போனாங்களே, அந்த மரத்துல பிழைச்ச ஆளை யாராவது எண்ணினாங்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இந்த ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அந்தக் கேள்வி.

கீற்று முடைகிறவர், மரம் ஏறுகிறவர், மட்டை உரிக்கிறவர், கயிற்று ஆலைக்குப் போகிறவர் என்று ஒரு தோப்பை நம்பி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வீடு இடிந்தால் வீட்டுக்கு உதவி உண்டு. பிழைப்பு இடிந்ததைக் கணக்கெடுக்க எங்கள் ஊருக்கு யாரும் வரவில்லை. குத்தகைக்காரர் நிலைமை இன்னும் சிக்கல். வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர் விதை போடுகிறார், உரம் போடுகிறார், வெள்ளம் வந்தால் இழக்கிறார். நிவாரணம் மட்டும் பட்டாதாரர் பெயருக்குப் போகிறது. 2019-இல் தொடங்கிய, வருடம் 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டமும் நிலம் உள்ள குடும்பத்துக்குத்தான். குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் எங்கள் பக்கத்தில் பதிவு செய்துகொண்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். பதிந்தால் நிலம் போய்விடும் என்று உரிமையாளர் பயப்படுகிறார். பதியச் சொல்லிக் கேட்டால் அடுத்த வருடம் குத்தகையே கிடைக்காது என்று உழுகிறவர் பயப்படுகிறார்.

தண்ணீர் தலைமடையில் கிளம்பிக் கடைமடைக்கு வருவதற்குள் பாதி வற்றிவிடும். நஷ்டமும் அதே வாய்க்கால் வழியாகத்தான் கீழே இறங்குகிறது, அது வழியில் வற்றுவதே இல்லை. சந்தையில் விலை விழுந்தால் வியாபாரி என்னிடம் குறைக்கிறார், நான் கூலி நாட்களைக் குறைக்கிறேன். இதை நானும் செய்திருக்கிறேன், சொல்வதற்கு வருத்தமாக இருக்கிறது. உணவு முறை நியாயமாக இருக்கிறதா என்று பார்க்க நான் ஒன்றைத்தான் கேட்பேன்: நஷ்டம் வந்தால் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது?

இயற்கை விவசாயத்தையும் இப்படிக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். நான் அந்தப் பக்கம் சாய்ந்தவன்தான். என் வயலில் ஆறு வருடமாகப் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பை விதைத்து மடக்கி உழுகிறேன், யூரியாவைப் பாதிக்கு மேல் குறைத்திருக்கிறேன். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததை மறக்க முடியாது. 2021-இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். மாற்று உரம் தயாராக இல்லை, மாறுகிற காலத்தில் குறையும் விளைச்சலுக்கு ஏற்பாடும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது, நவம்பருக்குள் தடையை விலக்கினார்கள். மண் நலமடைய நாலைந்து வருடம் ஆகும். அந்த நாலைந்து வருட இழப்பை உழவனே தாங்கட்டும் என்று விட்டுவிட்டால் எந்த நல்ல நோக்கமும் தோற்கும்.

என் தோப்பில் இப்போது என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். புயலுக்கு அப்புறம் 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் கன்றுகள் வைத்தோம். கன்று சின்னதாக இருக்கும் முதல் ஐந்தாறு வருடம் வெயில் நன்றாக இறங்கும். அதில் நிலக்கடலை, உளுந்து, எள் எல்லாம் வந்தன. உளுந்து மண்ணுக்கு உரம், எங்களுக்கு இட்லி. மரம் வளர்ந்து நிழல் கட்டினால் சேனை, மஞ்சள் போன்றவை தாங்கும். இருபது வருடத்துக்கு மேல் ஆன தோப்பில் மறுபடி வெளிச்சம் இறங்கும், அங்கே கோகோ, மிளகு, வாழை வைக்கலாம். நின்ற 38 மரங்களுக்கு அடியில் வாழை வைத்திருக்கிறேன். வேலி ஓரம் பனை விதை ஊன்றியிருக்கிறேன். கஜாவில் தென்னை சாய்ந்த இடத்தில் பனை அசையாமல் நின்றதை எங்கள் ஊர் முழுக்கப் பார்த்தது. 2021-இல் வந்த தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதை வழங்குவதாக அறிவித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. என் பனை பலன் தரும்போது நான் இருக்க மாட்டேன், பேரன் இருப்பான். விழுந்த மரத்தை உடனே அகற்றாதவர்கள் இன்னொரு பாடமும் கற்றார்கள். அழுகிய தண்டில் காண்டாமிருக வண்டு பெருகிப் புதுக் கன்றின் குருத்தைத் துளைத்துவிட்டது.

இவ்வளவு செய்தாலும் விற்கிற இடத்தில் தோற்றால் எல்லாம் வீண். தென்னை வியாபாரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லித் தருகிறேன். லாபக்காய். வியாபாரி ஆயிரம் காய் எண்ணும்போது அதற்கு மேல் இத்தனை காய் என்று விலை இல்லாமல் எடுத்துக்கொள்வார். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று தெரியாது, யாராலும் நிறுத்தவும் முடியவில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டே என்பீர்கள். உண்டு, கொப்பரைக்கு. 2025 பருவத்தில் அரவைக் கொப்பரை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்த விலை கிடைக்கக் கொப்பரையை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ஈரப்பதம் சரியாக இருக்க வேண்டும். உடைத்துக் காயவைக்கக் களம் வேண்டும், மழை வந்தால் மூட இடம் வேண்டும், அதுவரை காத்திருக்கக் கையில் காசு வேண்டும். சின்ன விவசாயியிடம் இருப்பது உரிக்காத மட்டைக் காய். அதனால் ஆதரவு விலை யாருக்கு அதிகம் தேவையோ அவர் கைக்கு வருவதில்லை. நாங்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒரு பொதுக் களமும் சோலார் உலர்த்தியும் போட்டோம். முதல் வருடமே வியாபாரி பேசுகிற தோரணை மாறியது. காய் இன்றைக்கே போகாவிட்டாலும் கெட்டுப்போகாது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

நெல்லுக்கும் இதே கதைதான். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அந்த வரம்பில் நியாயம் இருக்கிறது, ஈர நெல் மூட்டைக்குள் சூடேறி முளைத்துவிடும். ஆனால் குறுவை அறுவடை விழுவது மழைக்காலத்தின் வாசலில். சாலையில் கொட்டித் தார்ப்பாய் மூடி, வெயில் எட்டிப் பார்த்தால் விரித்து, தூறினால் அள்ளி, பத்து நாள் அங்கேயே படுத்துக் கிடக்கிறோம். காயவைக்கும் பொறுப்பும் நனைகிற நஷ்டமும் எங்களுடையது. ஊருக்கு ஒரு உலர்த்தி, மேற்கூரை போட்ட களம், இவை வந்தாலே பாதி அழுகை நிற்கும்.

ரேஷன் கடையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நியாயமான உணவு முறைக்கு நம்மிடம் இருக்கிற பெரிய கருவி அதுதான். எல்லாக் குடும்பத்துக்கும் கதவு திறந்திருக்கிற பொது விநியோகம் தமிழ்நாட்டுடையது. அங்கே பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஏழை வீட்டுச் சமையலுக்கு அது பெரிய கைதூக்கல், அந்த விலை ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது. ஆனால் இந்தியா வாங்குகிற பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அந்தப் பாமாயிலுக்குப் பதில் ஒரு பங்கு தேங்காய் எண்ணெயாகவோ கடலை எண்ணெயாகவோ இருக்கட்டும் என்று தென்னை விவசாயிகள் பல வருடமாகக் கேட்கிறோம். 2023-இல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகுக்கு முடிந்தது எண்ணெய்க்கும் முடியும். விலை வித்தியாசத்தை அரசு ஏற்க வேண்டும், வாங்குகிறவர் தலையில் வைக்கக் கூடாது.

அந்த அக்கா கேட்ட கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறோம். மழைக்காலத்துக்கு முன்னால் தெருத் தெருவாகப் போய் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறோம். யார் யாருடைய நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறார், எந்தத் தோப்பை நம்பி எத்தனை பேர் கூலிக்குப் போகிறார்கள், கீற்று முடைகிறவர் யார், ஆடு வைத்திருப்பவர் யார். நில உரிமையாளர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். இது உரிமைப் பதிவு இல்லை, இழப்புக் கணக்குக்கான பட்டியல் என்று விளக்கிய பிறகு சிலர் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் போடவில்லை. இதுவரை 143 குடும்பங்கள் எழுதியிருக்கிறோம். எழுதுகிற வேலையில் பாதி அந்த அக்காவின் மகளுடையது, அவள் கையெழுத்து அழகாக இருக்கும். வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் அந்த நோட்டை முழுதாக வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கப் போகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு அதிலிருந்து இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும்.

நன்றி, வணக்கம்.