வீடு மாறுமுன் வாசலில் ஒரு நாள் கடை

நேயர்களுக்கு வணக்கம். நான் கடலோர ஊரான மண்டபத்தில் இருபத்தாறு வருடம் ஒரே வாடகை வீட்டில் குடியிருந்து, பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்ற பிறகு மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாமே என்று ராமநாதபுரத்துக்கு வந்தவள். வந்தது மாடி வீடு, இரண்டே அறை. இருந்த வீட்டிலோ முன்னால் வேப்பமரம், மண் வாசல், பின்னால் சாமான் ஓட்டுக்கொட்டகை. புது வீட்டின் மாடிப்படி அகலத்தைப் பார்த்தபோதே பழைய வீட்டுச் சாமானில் பாதி இங்கே ஏறாது என்று தெரிந்துவிட்டது. ஏறாததை நான் என் வீட்டு வாசலில் பரப்பி, விலை எழுதி, அக்கம்பக்கத்துக்கே விற்றேன். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் இதைச் செய்ய நிறையப் பேருக்குத் தயக்கம். வீட்டுப் பாத்திரம் பண்டம் விற்பனைக்கு வாசலுக்கு வந்தால் குடும்பம் நொடித்துவிட்டது என்றுதான் ஊர் பேசும். என் கணவரும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நாலு பேர் என்ன கஷ்டமோன்னு கேப்பாங்க, பேசாம சும்மா கொடுத்திரு, இல்ல பழைய இரும்புக்காரரைக் கூப்பிடு" என்றார். இரண்டையும் நான் ஏற்கெனவே செய்திருக்கிறேன். மண்டபத்துக்கு வருமுன் தொண்டியில் வாடகை வீட்டைக் காலி செய்தபோது, அவசரத்தில் ஒரு தையல் மிஷினை இரும்பு எடைக்குப் போட்டேன். மிதி, சக்கரம், பெல்ட் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷின், என் தையல் வேலைதான் நாலு வருடமாக நின்றிருந்தது, அவ்வளவுதான். எடைக்காரர் என் கண் முன்னாலேயே மேல் பலகையைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு இரும்பை மட்டும் தராசில் ஏற்றினார். இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் அப்போதுதான் தையல் படித்து முடித்துவிட்டு, மாதவாடகைக்கு மிஷின் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாளாம். கிளம்பிய பிறகுதான் அது என் காதுக்கு வந்தது. இன்று வரை மனசு ஆறவில்லை.

சரி, சும்மா கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கொடுக்கலாம், ஆனால் சும்மா கொடுக்கும்போது நமக்கு நெருக்கமானவர்களுக்குத்தான் போகும், தேவை உள்ளவர்களுக்குப் போகாது. சும்மா கேட்க வாய் வராத ஆட்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர்! அவர்கள் ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ கொடுத்து, இது வேண்டாம் அது வேண்டும் என்று தாங்களே பார்த்து எடுத்து, தலை நிமிர்ந்து கொண்டுபோவார்கள். இதற்காகத்தான் வாசல் விற்பனை என்கிறேன். எனக்குக் கிடைத்த பணம் பெரிய பணமும் இல்லை, வண்டி வாடகைக்கும் ஏற்று கூலிக்கும் சரியாய்ப் போனது.

எப்போது விற்பது என்பதை நம் கரையில் கடலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பள்ளி லீவில் மாறினால் வசதி என்று எல்லோரும் மே மாதம் வீடு மாறுகிறோம். நானும் மே மாதம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். விசைப்படகு அத்தனையும் கரையில் கட்டிக் கிடக்க, வருகிற நிவாரணம் அரிசிக்கும் வட்டிக்கும் பத்தாத நேரத்தில், யார் வந்து என் கட்டிலை வாங்குவார்? வாங்க ஆசைப்பட்டும் முடியாமல் பார்த்துவிட்டுப் போக வைப்பது பாவம். அதனால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லி ஒரு மாதம் தள்ளிப்போட்டோம். அந்தப் பக்கமும் ரொம்பத் தள்ள முடியாது, ஆடி பிறந்துவிட்டால் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். தடைக்காலம் முடிவதற்கும் ஆடி பிறப்பதற்கும் நடுவில் ஒரே ஒரு மாதம்தான்.

கிழமையும் யோசித்தேன். செவ்வாய், வெள்ளியில் வீட்டுப் பொருள் வெளியே போகக் கூடாது என்று என் மாமியார் காலத்திலிருந்து வழக்கம், அதை மீற எனக்கு மனசில்லை. சனிக்கிழமை கடலுக்குப் போன படகு ஞாயிறு காலை கரை வரும். காலையில் வீட்டுப் பெண்கள் எல்லாம் மீன் இறக்குகிற இடத்தில் இருப்பார்கள், மத்தியானத்துக்கு மேல்தான் கையில் காசும் இருக்கும், நின்று பார்க்க நேரமும் இருக்கும். ஆகவே ஞாயிறு மூன்று மணி.

அதற்கு முன் பத்து நாள் சாமானைப் பிரித்தேன். மண்டபத்துக்கு வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். உப்புக் காற்று படுகிற இரும்பு ராத்திரி முழுக்க ஈரமாகவே இருக்கும், ஏனென்றால் படிந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பெயிண்ட் மேலே பளபளப்பாகத் தெரிந்தாலும் அடியில் துரு பரவிக்கொண்டிருக்கும். எங்கள் பீரோவை இரண்டு பேர் பிடித்துத் தூக்கியபோது மேல்பாகம் மட்டும் வந்தது, அடித்தகடு தரையோடு ஒட்டி நின்றுவிட்டது. அதை மட்டும்தான் எடைக்குப் போட்டேன். கட்டில், ஸ்டூல், மண்வெட்டி இதையெல்லாம் விற்கும்போது துரு எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் விலை சொன்னேன். நாளைக்கும் அந்தத் தெருவுக்கு நான் போக வேண்டும் இல்லையா?

விலை வைப்பதற்கு முதலில் பழைய இரும்புக்காரரிடம் கிலோ என்ன விலை என்று கேட்டு வைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே போக வேண்டியதில்லை, கடை விலையில் பாதிக்கு மேலே ஏறவும் கூடாது, நடுவில் எதுவோ அது. சீட்டில் எழுதி ஒட்டினேன், ஆனால் ஜூன் மாதக் கச்சான் காற்று நம் ஊரில் சீட்டை விட்டுவைக்குமா? கால் மணி நேரத்தில் பாதி பறந்துவிட்டது. அப்புறம் சாக்பீஸை எடுத்து சாமான் மேலேயே எழுதினேன். பக்கத்து வீட்டுத் தம்பி கரையிலிருந்து நாலு காலி மீன் பெட்டி கொண்டுவந்து கவிழ்த்துப் போட, அதன் மேல் பழைய கட்டில் பலகை நாலைப் போட்டு மேசையாக்கினோம். மணல் அடிக்கும் என்று துணிமணியை மட்டும் திண்ணையில் வைத்தோம்.

வந்த கூட்டத்தில் மறக்க முடியாதவர் எங்கள் எதிர்வீட்டு லாத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் மாமியாரின் பித்தளை அண்டா ஒன்று இருந்தது, இருபது படி அரிசி கொள்ளும். விளிம்பில் அவர் பெயரும் 1961 என்ற வருடமும் புள்ளி புள்ளியாய் வெட்டியிருக்கும். லாத்தா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நோன்புக் கஞ்சி காய்ச்ச ஆகும் டீச்சர், எவ்வளவு?" என்றார். உள்ளே ஈயம் தேய்ந்திருக்கிறது, பூசிவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும், பெயரைக் கூட தேய்த்து எடுக்கச் சொல்லலாம் என்றேன். அவர் அந்த எழுத்தின் மேல் பெருவிரலை ஓட்டிக்கொண்டே, "பேரு இருந்துட்டுப் போகட்டும், யாரு வீட்டுச் சட்டின்னு புள்ளைங்களுக்குத் தெரியணும்ல" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. எழுதியிருந்த விலையை அழித்துவிட்டுப் பாதி வாங்கிக்கொண்டேன்.

விற்கக் கூடாதவையும் உண்டு. கேஸ் சிலிண்டரும் ரெகுலேட்டரும் நமக்குச் சொந்தமே இல்லை, டெபாசிட் கட்டி வைத்திருக்கிறோம், ஏஜென்சியில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு புது ஊரில் காட்டினால் இணைப்புக் கிடைக்கும். அடுப்பை மட்டும் விற்கலாம். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மாமியார் கார்டுக்கு வந்த மின்விசிறியும் மிக்சியும் இருந்தன. இலவசமாக வந்ததற்கு விலை வைப்பது சரியில்லை என்று, அவற்றைக் கேட்ட வீட்டுக்குச் சும்மா கொடுத்தேன். பாடப் புத்தகங்களையும் அப்படியே. பழைய செல்போனை விற்பதானால் உள்ளே இருக்கிற படம், பேங்க் விவரம் எல்லாவற்றையும் அழித்து, சிம்மைக் கழற்றிய பிறகு விற்க வேண்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் விரித்திருக்கிற பழைய பேப்பரை எடுத்துப் பாருங்கள். நான் ஒரு டிரங்குப் பெட்டியைத் துடைத்து, திறந்து காட்டி, கடல்பாசி எடுக்கப் போகிற ஒரு அம்மாவுக்கு இருநூறு ரூபாய்க்கு விற்றேன். மறுநாள் விடியுமுன் அந்த அம்மா கடலுக்குப் போகிற வழியில் கதவைத் தட்டினார். இடுப்பில் செருகியிருந்த பாலித்தீன் கவரில் என் மகளின் பிறப்புச் சான்றிதழ். பெட்டிக்கு அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே இருந்திருக்கிறது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "அரசாங்க முத்திரை இருந்துச்சு டீச்சர், முக்கியமாத்தான் இருக்கும்னு நனையாம கொண்டாந்தேன்" என்றார். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன், நீர் வற்றுகிற நேரம் போய்விடும் என்று நிற்காமல் போனார்.

இரண்டு நடை என்று பேசியிருந்த குட்டியானை வண்டி ஒரே நடையில் கிளம்பியது. உப்பு, மஞ்சள், விளக்கு, ஒரு குடம் தண்ணீர் இவற்றை மடியில் வைத்துக்கொண்டு நான் முன் சீட்டில் வந்தேன். அந்த நாலு பலகையும் சாக்பீஸ் டப்பாவும் லாத்தா வீட்டுத் திண்ணையில்தான் இருக்கின்றன, அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்காரர்கள் வாங்கிப் போட்டு விற்றிருக்கிறார்கள். மண்டபத்தில் யாராவது ஆடிக்கு முன் வீடு மாறுவதாக இருந்தால் போய்க் கேளுங்கள், கொடுப்பார். மீன் பெட்டியை மட்டும் நீங்களே கரையில் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும்.