நின்று சாகும் பற்றரிகள்

நேயர்களுக்கு வணக்கம். பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். சின்னக் காருக்குப் புதுப் பற்றரி வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று சொல்லச் சொன்னார்கள். நாற்பது வருடமாகக் கோண்டாவிலில் வாகன மின்வேலை செய்கிறவன் நான். என் சேட்டுகளில் அசிட் பட்டு விழுந்த ஓட்டைகளைப் பார்த்து, இவற்றைக் குருநகரில் வலையாக விற்கலாம் என்பா என் மனைவி. மேடைப்பேச்சுப் பழக்கம் இல்லை. கராசில் கதைக்கிற மாதிரித்தான் கதைப்பேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிறகும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் கார்ப் பற்றரி ஓடிச் சாவது குறைவு. நின்றுதான் சாகிறது.

உங்கள் ஒழுங்கையையே நினைத்துப் பாருங்கள். மாமரத்துக்குக் கீழே உறை போட்டபடி ஒரு கார் நிற்கும். மகன் கனடாவில். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஓடட்டும் என்று வாங்கி விட்டது. மற்ற மாதங்களில் ஐயா ஞாயிற்றுக்கிழமை ஒருதரம் திருநெல்வேலிச் சந்தைக்கு எடுப்பார், மரக்கறியோடு திரும்பி வருவார். போக வர ஐந்து கிலோமீற்றர் இருக்குமா? காரை ஸ்ராட் பண்ண எடுக்கிற மின்சாரம் கொஞ்சம்தான், சில நிமிட ஓட்டத்தில் அது திரும்பி வந்துவிடும். ஆனால் கிழமைக்கணக்கில் நின்று பாதிக்கு இறங்கிப்போன பற்றரியை நிரப்ப மணிக்கணக்கில் ஓட வேண்டும். சந்தைக்குப் போய் வருகிற ஓட்டம் அதற்குக் காணாது.

பாதி இறங்கிய பற்றரிக்கு உள்ளே என்ன நடக்கிறது? பனம்பாணியை அசைக்காமல் வைத்தால் பனங்கற்கண்டு விளையும் அல்லவா? அதே மாதிரித்தான். ஈயத் தகடுகளில் ஈய சல்பேற்று படிகிறது. உடனே சார்ச் பண்ணினால் கரைந்துவிடும். கிழமைக்கணக்கில் விட்டால் கற்கண்டாக இறுகிவிடும். இறுகிய இடம் இனி வேலை செய்யாது. 2022இல் எரிபொருள் வரிசை இருந்த காலம் நினைவிருக்கும். கார்கள் மாதக்கணக்கில் வீட்டில் நின்றன. பெற்றோல் வந்தபோது என்னிடம் வந்தவை எல்லாம் பற்றரி செத்த கார்கள்.

ஆகவே புதுப் பற்றரி கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, பழையது ஏன் செத்தது என்பதைத்தான். சிலருக்கு இது பிடிப்பதில்லை. "பற்றரி வாங்க வந்தால் மரண விசாரணை நடத்துகிறீர்" என்று ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். போனவர் அடுத்த வருடம் திரும்பி வந்தார், அது வேறு கதை.

ஓய்வுபெற்ற ஒரு மாஸ்ரரின் கதையைச் சொல்கிறேன். சின்ன ஆல்ற்றோ கார். இரண்டு வருடத்தில் மூன்று பற்றரி. ஒவ்வொரு முறையும் கடைக்காரர் முன்னதை விடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றை விற்றிருக்கிறார். மூன்றாவதைத் தட்டில் வைக்க இடம் காணாமல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மாஸ்ரர் என்னிடம் வந்து, "தம்பி, இன்னும் பெரிசாய் ஒண்டு இருக்கோ?" என்றார்.

அன்று பின்னேரம் காரை கராசில் விடச் சொன்னேன். இருட்டிய பிறகு எல்லா லைற்றையும் அணைத்துவிட்டுக் காரைச் சுற்றி நடந்தேன். பின்மூடியின் இடுக்கில் நூல் மாதிரி ஒரு வெளிச்சம். மூடியைச் சாத்தினால் அணைய வேண்டிய சின்ன லைற், சுவிட்ச் பழுதானதால் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கிறது. 5 வாற்ஸ் பல்ப்தான். கணக்குப் பாருங்கள். 5 வாற்ஸ் என்றால் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 0.4 அம்பியர். 24 மணித்தியாலத்தில் 10 அம்பியர்-மணி போய்விடும். அம்பியர்-மணி என்பது பற்றரி கொள்ளுகிற மின்சாரத்தின் அளவு. ஆல்ற்றோவுக்குப் போடுகிற 35 அம்பியர்-மணிப் பற்றரி மூன்றரை நாளில் காலி. பெரிசாகப் போட்டால் நாலு நாள், ஐந்து நாள். அவ்வளவுதான். நான் அவருக்குப் பற்றரி விற்கவில்லை, சுவிட்ச் ஒன்று மாற்றினேன். மாஸ்ரர் அன்று என்னைப் பார்த்த பார்வை, பரீட்சையில் கடைசி வாங்குப் பிள்ளை முதலாவதாக வந்தால் பார்க்கிற பார்வை.

வீட்டில் ஒரு மீற்றர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். இரவு முழுக்க நின்ற காரின் பற்றரி காலையில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12 என்றால் அடியில் கொஞ்சம் கிடக்கிறது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு அளவுங்கள். பெரும்பாலான கார்களில் 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே கிடந்தால், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்குகிற ஓல்டனேற்றர் சார்ச் பண்ணவில்லை என்று சந்தேகப்படுங்கள். 15ஐத் தாண்டினால் பற்றரி அவிகிறது. இரண்டிலும் புதுப் பற்றரி வாங்குவது, ஓட்டை வாளிக்குப் புதுக் கயிறு கட்டுகிற வேலை.

சரி, விசாரித்தாயிற்று, பழையது வயது போய்த்தான் செத்தது. இப்போது வாங்குவோம்.

யப்பான் முறைப் பற்றரியின் உடம்பில் ஓர் எண் இருக்கும். பேனை இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். 38பி20எல். மெதுவாகச் சொல்கிறேன்: முப்பத்தெட்டு, பி, இருபது, எல். முப்பத்தெட்டு என்பது பலத்தின் வரிசை, கூடக் கூட நல்லது. பி என்பது அகலமும் உயரமும் எந்த வகை என்பது. இருபது என்பது நீளம், 20 சென்ரிமீற்றர். கடைசி எல்தான் ஆட்களை அலைக்கழிக்கிறது. முனைகள் இரண்டும் உங்கள் பக்கம் வருகிற மாதிரிப் பற்றரியை வைத்துப் பாருங்கள். பிளஸ் முனை வலப்பக்கம் இருந்தால் எல், இடப்பக்கம் இருந்தால் ஆர். ஆங்கிலத்தில் எல் இடது அல்லவா, ஏன் மாறி இருக்கிறது என்று கேட்பீர்கள். அவர்கள் பிளஸ் இருக்கிற குறுகிய பக்கத்தில் நின்று பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாங்கள் நீளப்பக்கத்தில் நின்று பார்க்கிறோம். எல்லுக்குப் பதில் ஆர் வாங்கினால் வயர் எட்டாது. எட்டாத வயரை இழுத்துக் கட்டுகிற சூரர்களும் இருக்கிறார்கள். எல்லுக்குப் பிறகு எஸ் என்று ஓர் எழுத்து இருந்தால் முனை தடிப்பு. உங்கள் காரின் கவ்வி மெல்லிய முனைக்கு உரியதாக இருந்தால் அதைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டிவரும், செய்யாதீர்கள். ஆகச் சுலபமான வழி, பழைய பற்றரியின் எண்ணைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போவது. ஆனால் அந்தப் பழையதையே முந்தி யாரோ பிழையாகப் போட்டிருக்கலாம், தட்டையும் ஒருதரம் பாருங்கள்.

பிளஸ், மைனஸ் என்றதும் பெரியப்பாவின் மொறிஸ் மைனர் ஞாபகம் வருகிறது. இதைச் சொல்லாமல் என்னால் போக முடியாது.

1980களின் தொடக்கம், எனக்குப் பதினாறு வயது. வேலை பழகத் தொடங்கி நாலு மாதம், ஆகவே எல்லாம் தெரியும். பெரியப்பா புதுப் பற்றரி வாங்கி வந்து, "தம்பி, நீ பூட்டு" என்றார். மைனஸை உடம்புக்குக் கொடுத்தேன், பிளஸை ஸ்ராட்டர் பக்கம் கொடுத்தேன். கார் முதல் இழுப்பிலேயே ஸ்ராட். பெரியப்பாவுக்குப் புளுகம், பெரியம்மா தேத்தண்ணீர் கொண்டு வந்தா. தேத்தண்ணீர் குடிக்கும்போதே ஒரு மணம். வயர் எரிகிற மணம். காரில் இருந்த றேடியோவிலிருந்து மெல்லிய புகை. பொனெற்றைத் திறந்தால் டைனமோவுக்கும் பற்றரிக்கும் நடுவில் இருந்து இரண்டையும் தொடுத்தும் துண்டித்தும் விடுகிற கட்டவுட் சிவந்து போயிருக்கிறது.

நடந்தது என்ன? அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் உடம்புக்குப் போவது பிளஸ். மைனஸ் அல்ல, பிளஸ். மொறிஸ் மைனர் கடைசிவரை அப்படித்தான் வந்தது. ஸ்ராட்டர் மோட்டாருக்குக் கவலையில்லை, பிளஸ் மைனஸ் மாறினாலும் அது அதே பக்கம்தான் சுற்றும். அதனால்தான் கார் ஓடியது, அதனால்தான் நான் ஏமாந்தேன். டைனமோவோ பழைய திசையிலேயே மின்சாரம் அனுப்ப, பற்றரி எதிர்த் திசையில் நிற்க, இரண்டும் மோதிய இடம் கட்டவுட். பெரியப்பா அடிக்கவில்லை. "எல்லாம் தெரிஞ்சவனுக்குத் தேத்தண்ணி வேற" என்று மட்டும் சொன்னார். இன்றைய காரில் அப்படி மாற்றிக் கொடுத்தால் தேத்தண்ணீருக்கு நேரம் இருக்காது. தொட்ட கணமே பியூசும் ஓல்டனேற்றரின் டயோட்டுகளும் போய்விடும்.

அதே மொறிஸ் 1990களில் மண்ணெண்ணெயில் ஓடியது. நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஊர் முழுக்க அந்த மணம். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் ரோச் பற்றரிக்கே வழியில்லை, கார்ப் பற்றரிக்கு எங்கே போவது? முன்னால் கம்பியைச் செருகிக் கையால் சுற்றினோம். 1912இல் கடிலாக் காரில் மின்சார ஸ்ராட்டர் வந்து அந்தக் கம்பிக்கு விடுதலை கொடுக்கத் தொடங்கியது, எண்பது வருடம் கழித்து நாங்கள் திரும்ப அதைப் பிடித்தோம். வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அண்ணன் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ. இந்தப் பேச்சைக் கேட்கிறவர்களில் அப்படிச் செய்தி கேட்டவர்கள் கனபேர் இருப்பீர்கள். அண்ணனுக்குக் கை வலித்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இழுபடும்.

விட்ட இடத்துக்கு வருகிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி மணிக்கூட்டைத் தொட்டுக் காட்டுகிறா.

அம்பியர்-மணி. ஒரே பற்றரியில் ஒரு கடையில் 28 என்பார்கள், இன்னொரு கடையில் 35 என்பார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. 5 மணித்தியாலத்தில் இறக்கி அளந்தால் 28, 20 மணித்தியாலத்தில் மெதுவாக இறக்கி அளந்தால் 35. எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, குளிரில் ஸ்ராட் பண்ணும் பலம் என்று நூற்றுக்கணக்கில் ஓர் எண் போட்டிருப்பார்கள். அது சுழியத்துக்குக் கீழே 18 பாகையில் 30 செக்கன் சோதித்து எடுத்தது. மார்கழிப் பனியில் மப்ளர் கட்டுகிற எங்களுக்கு அந்தக் குளிர் வராது. கார் கேட்கிற அளவு இருந்தால் போதும், அதற்கு மேலே உள்ள எண்ணுக்குக் கூடக் காசு கொடுக்க வேண்டாம்.

எங்களுக்கு எதிரி வெயில். வெப்பம் ஏறக்குறையப் பத்துப் பாகை கூடினால் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கிற கைக்கணக்கு. கனடாவில் மச்சானுடைய பற்றரி ஆறு வருடம் போகிறது என்றால் பொறாமைப்பட வேண்டாம். அங்கே குளிர் நோயைக் காட்டிக் கொடுக்கும், இங்கே வெயில் நோயை உண்டாக்கும். என் கராசில் மூன்று வருடம் ஓடிய பற்றரியை நான் குறை சொல்வதில்லை.

ஆகவே கடையில் விலையைக் கேட்க முதல் திகதியைக் கேளுங்கள். எப்போது செய்தது? அசிட் நிரப்பி வந்த பற்றரி இறாக்கையில் இருந்தாலும் இறங்கும், வெயிற்காலத்தில் இன்னும் வேகமாக இறங்கும். கடையில் ஒரு வருடம் இருந்தது, நான் முதலில் சொன்ன மாமரத்துக் கார் மாதிரித்தான். வாங்கும்போதே கற்கண்டு. கழிவு விலையில் தருகிறேன் என்றால் இன்னும் கவனமாகத் திகதியைப் பாருங்கள். உலர்ந்தபடி வந்து கடையில் அசிட் ஊற்றித் தருகிற வகை என்றால் ஊற்றிய நாளிலிருந்துதான் வயது தொடங்கும். அதையும் ஊற்றிய கையோடு பூட்டாமல், கொஞ்ச நேரம் சார்ச் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

மூடி திறந்து தண்ணீர் விடுகிற வகையா, மூடிய வகையா? மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கம் உள்ளவருக்குத் திறக்கிற வகையைச் சொல்வேன், இந்த வெயிலுக்கு அதுதான் கூட நாள் இருக்கும். பழக்கம் இல்லாதவர் மூடியதை வாங்கட்டும். ஆனால் தயவுசெய்து கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் சிலர் பற்றரிக்கும் விடுகிறார்கள். வடிநீர் வாங்க ஆகிற செலவு பெரிய செலவல்ல.

இன்னும் இரண்டு வகைக் கார் இருக்கிறது, விரைவாகச் சொல்கிறேன். சந்தியில் நின்றால் தானே அணைந்து தானே ஸ்ராட் ஆகிற புது வாகன்-ஆர் மாதிரிக் கார்களுக்குச் சாதாரணப் பற்றரி போடக்கூடாது. எம்-42, கே-42 என்று தொடங்குகிற எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடுகிற கலப்பினக் கார்களில் சின்னப் பற்றரி ஆட்கள் இருக்கிற இடத்துக்குள்ளே இருந்தால், வாயு வெளியே போகக் குழாய் பூட்டக்கூடிய வகைதான் வேண்டும். இன்றைய எந்தக் காரிலும் கழற்றும்போது உடம்புக்குப் போகிற மைனஸ் முதலில், பூட்டும்போது அது கடைசியில்.

பழைய பற்றரியைப் பற்றியும் விரிவாகப் பேச இருந்தேன், தங்கச்சி இரண்டு விரல் காட்டுகிறா. அதில் கனமானதெல்லாம் ஈயம், காசுள்ள பொருள். பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். வளவுக்குள் உடைத்து அசிட்டை மண்ணில் ஊற்றுகிறவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், ஊற்றியது கீழே போய்விடும். கீழே இருப்பது கிணறு. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தோமல்லவா… சரி, ஒரு விரல் காட்டுகிறா. மாமரத்துக்குக் கீழே கார் வைத்திருக்கிறவர்கள் வருகிற ஞாயிறு சந்தையோடு திரும்பாமல் காங்கேசன்துறை வரை போய் வாருங்கள். வணக்கம்.