ஆயி மண்டபமும் ஒரு குளமும்

வணக்கம். இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேராவது புதுச்சேரி பாரதி பூங்காவில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். மூன்று மணி வெயிலில் அந்த வெள்ளை மண்டபத்தை வெளியே நின்று பார்த்தால் கண் கூசும். உள்ளே ஒதுங்கினால் நிழல், கொஞ்சம் காற்று. அதற்கு மேல் அதைப் பற்றி நாம் யோசித்ததில்லை.

பிரெஞ்சுக்காரர்களின் லூயி கோட்டை நின்ற பகுதி அது. 1761இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சரி, கோட்டையை விடுங்கள். நான் பேச வந்தது தண்ணீரைப் பற்றி.

விஜயநகரத்து ராஜா ஒருவர், கிருஷ்ணதேவராயர் என்பார்கள், இந்தப் பக்கமாக வந்தாராம். விளக்கு ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் தலைக்கேறி, இடிக்கச் சொன்னார். தப்பாகக் கும்பிட்டது அவர், இடிபடுவது அவள் வீடு! ஆயி கெஞ்சிக் கேட்டு, வீட்டைத் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். இது செவிவழிக் கதை, கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

குளம் இருந்தது முத்திரையர்பாளையத்தில். கடலோரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த தெருக்களிலோ நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. 19ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், லமரேஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் முத்திரையர்பாளையத்துத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி நகரத்துக்குக் கொண்டுவந்தார். கூடவே ஆயி கதையும் பாரிசுக்குப் போனது, அங்கிருந்து மண்டபம் கட்ட உத்தரவு வந்தது என்கிறார்கள்.

மண்டபத்தைச் சுற்றி வந்து பாருங்கள். தூண், வளைவு எல்லாம் கிரேக்க, ரோமானியச் சாயல். நம் ஊர்க் கல்மண்டபத்தின் ஜாடை எங்கேயும் இல்லை. ஆனால் கட்டச் சொன்ன பேரரசர் பெயரும் ஒட்டவில்லை, வாய்க்கால் வெட்டியவர் பெயரும் ஒட்டவில்லை. ஜனங்கள் வாயில் அது ஆயி மண்டபம்தான். புதுவை அரசின் சின்னமும் அதுவே. ராஜா இடிக்கச் சொன்ன வீட்டுக்காரி, அரசாங்கச் சின்னத்தில் இருக்கிறாள். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறோம், மண்டபத்தின் முன்னால் போட்டோ எடுக்கிறோம், திரும்பிவிடுகிறோம். எத்தனை பேர் முத்திரையர்பாளையம் பக்கம் போயிருக்கிறோம்? வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு நாங்கள் சிலர் அங்கிருந்து நடக்கப்போகிறோம். முதலில் முத்திரையர்பாளையம், அப்புறம் பூங்கா. வருகிறவர்கள் மறக்காமல் குடிக்கத் தண்ணீர் எடுத்துவாருங்கள்.