யவீருவின் கையிலும் மைக்கைக் கொடுங்கள்

தலைமை தாங்கும் ஆயர் ஐயா அவர்களே, வாழ்த்துரை என்று சொல்லிவிட்டு ஒரு சின்னப் பிரசங்கமே செய்து என் வேலையைப் பாதியாகக் குறைத்த சபைச் செயலர் அவர்களே, பெண்கள் சங்கத் தலைவி அம்மா அவர்களே, பாடகர் குழுவினரே, நான் வாயைத் திறக்கும் முன்பே ஒலிபெருக்கியின் கீச்சுச் சத்தத்தை அடக்கித் தந்த தம்பி, எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பொருளாளர் ஐயாவை விட்டுவிட்டேன், மன்னிக்கணும். அவரை விட்டால் மறுபடி என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

கர்த்தருடைய வேளைக்குக் காத்திருத்தல் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று குறிப்புகள் எழுதி வந்திருக்கிறேன். காத்திருக்கையில் நாம் படுகிற அவசரம், காத்திருக்கிறவர்களை நாம் நடத்துகிற விதம், காத்திருக்கையில் தேவன் செய்கிற வேலை. மூன்றையும் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். ஆபிரகாம் ஆரானை விட்டுக் கிளம்பும்போது வயது 75. தேவன் வாக்குக் கொடுத்த பிள்ளைக்காகக் கானானில் 10 வருஷம் பொறுத்தார்கள், அதற்கு மேல் மனைவி சாராளால் முடியவில்லை, தன் அடிமைப் பெண் ஆகாரை அவருக்குக் கொடுத்தாள், 86 வயதில் இஸ்மவேல் பிறந்தான். வாக்குத்தத்தத்தின் பிள்ளை ஈசாக்கு பிறக்கும்போது ஆபிரகாமுக்கு 100. சரி, இடையில் பட்ட அவசரத்துக்கு அதிகமாக அழுதது யார்? யாருமே சம்மதம் கேட்காத அந்த அடிமைப் பெண்தான், ஒரு துருத்தித் தண்ணீரோடு துரத்தப்பட்டு, பெயெர்செபா வனாந்தரத்தில். ஆறப் பொறுக்காமல் நாம் எடுத்து ஊட்டிவிட்டால் சுடுவது பெரும்பாலும் அடுத்தவர் வாய்.

இப்போது யவீருவுக்கு வருகிறேன். ஜெப ஆலயத் தலைவன், ஊரில் மரியாதைப்பட்ட மனுஷன், இயேசுவின் காலில் விழுகிறான். 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசுவும் உடனே புறப்படுகிறார். கூட்டம் நெருக்குகிறது, யவீரு முன்னால் வழி விலக்கிக்கொண்டு ஓடியிருப்பான், நாமாக இருந்தால் ஓடியிருப்போம் இல்லையா? அப்போது இயேசு நின்றுவிடுகிறார். நின்று, என்னைத் தொட்டது யார் என்று கேட்கிறார். சீஷர்களுக்கே எரிச்சல், இவ்வளவு பேர் நெருக்கும்போது இதென்ன கேள்வி என்கிறார்கள். தகப்பன் மனசு எப்படித் துடித்திருக்கும்! ஆம்புலன்ஸ் நடுரோட்டில் நின்று, டிரைவர் இறங்கி யாரிடமோ நலம் விசாரிக்கிற மாதிரி. தொட்டவள் ஒரு பெரும்பாடுள்ள பெண், அதாவது ஓயாத உதிரப்போக்கு, 12 வருஷ நோயாளி. கவனியுங்கள், அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயதோ அத்தனை வருஷமாக இவளும் கஷ்டப்படுகிறாள். தொட்டதுமே சுகமாகிவிட்டாள், வீட்டுக்குப் போகலாம். ஆனால் அவள் நடுங்கிக்கொண்டே நடந்தது எல்லாவற்றையும் சொல்கிறாள், இயேசுவும் நின்று கேட்கிறார். 12 வருஷக் கதை, எத்தனை வைத்தியர்கள், ஒரு நிமிஷத்தில் முடிகிற கதையா? அவர் அவளைச் சமாதானத்தோடே போ என்று சொல்லி வாய் மூடவில்லை, யவீருவின் வீட்டிலிருந்து ஆள் வருகிறது. பிள்ளை செத்துவிட்டாள், இனிப் போதகரை ஏன் தொந்தரவு பண்ணுகிறீர்.

ஒரு பக்கம் சாட்சி சொல்லி முடித்த பெண், மறு பக்கம் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன். இருவருக்கும் நடுவில் இரண்டடிகூட இருந்திருக்காது.

நானும் என் மனைவியும் அந்த இரண்டடியில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளைக்காகக் காத்திருந்தோம். தேவனிடம் பெற்ற நன்மையை எல்லோர் முன்னும் சொல்கிற சாட்சி நேரத்தில் மைக் ஒவ்வொரு பெஞ்சாக வரும், பக்கத்தில் வந்ததும் அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்வாள், எந்தப் பாட்டும் அறிவித்திருக்க மாட்டார்கள். ஒருநாள் ஒரு பெரியவர், நல்லெண்ணத்தில்தான், 'விசுவாசத்தைக் கொஞ்சம் கூட்டணும்மா' என்றார். அதற்கப்புறம் சாட்சி உள்ள ஞாயிறுகளில் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். ஆக்கவும் பொறுத்து, ஆறவும் பொறுத்தவள் அவள். பக்கத்தில் இருந்தவருக்குத்தான் பொறுக்கவில்லை.

இயேசு யவீருவிடம் விசுவாசத்தைக் கூட்டு என்றா சொன்னார்? அந்தச் செய்தி காதில் விழுந்த உடனே அவன் பக்கம் திரும்பி, பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு என்றார். அப்புறம் கூடவே நடந்தார். செத்த பிள்ளை உயிரோடு எழுந்தது பிற்பாடு. அவர் கூட நடந்தது முதலில்.

நான் இதற்காகத்தான் சபை சபையாகப் போய்க் கேட்கிறேன், இது என் பைத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி நேரத்தில், பெற்றுக்கொண்டவர்கள் பேசி முடித்ததும், 5 நிமிஷம் இன்னும் பெறாதவர்களுக்குக் கொடுங்கள். 'நான் காத்திருக்கிறேன், கஷ்டமாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லட்டும், யாரும் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். இது புது உபதேசம் இல்லை. 13ஆம் சங்கீதத்தின் முதல் 2 வசனங்களில் தாவீது 'எதுவரைக்கும்' என்று 4 தடவை கேட்கிறான், அதைப் பாடுவதற்காக இராகத்தலைவன் கையில் கொடுத்தும் இருக்கிறான். அதை ஆராதனையில் பாடலாமாம், நம் சகோதரி மைக்கில் கேட்கக் கூடாதாம்!

எப்போது என்று ஐயா கேட்பீர்கள். அடுத்த ஞாயிறே ஆரம்பிக்கலாம். கமிட்டி கூடி, யோசித்து, நல்ல வேளை வரட்டும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், இந்த ஒரு காரியத்தில் எனக்கே ஆறப் பொறுக்கவில்லை.

மூன்றாவது குறிப்பு அப்படியே இருக்கிறது. செயலர் மணியைத் தொட்டுவிட்டார். தம்பி, மைக்கை அணைக்காதே, அந்தக் கடைசி பெஞ்சில் ஒரு அம்மா கையை உயர்த்துவதா வேண்டாமா என்று பார்க்கிறார், அவரிடம் கொண்டுபோய்க் கொடு.