இருபது யூரோ அபராதமும் ஒரு சைக்கிள் விளக்கும்

வணக்கம் நண்பர்களே. இரவுச் சாப்பாட்டுக்கு வெறும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைக்கிறார்களே என்று நான் சென்ற காணொளியில் புலம்பியதைப் பொறுத்துக்கொண்டவர்கள், இன்றைக்கும் கொஞ்சம் பொறுத்தருள வேண்டும். இன்று முழுக்கச் சைக்கிளின் பின்விளக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நான் பரிமாற்ற மாணவியாக வந்து சேர்ந்திருக்கும் மியூன்ஸ்டர், ஜெர்மனியிலேயே சைக்கிளுக்குப் பேர்போன ஊர். பள்ளி விட்டதும் வகுப்பு மொத்தமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆசே ஏரிக்கரைக்கோ யாராவது ஒருவர் வீட்டுக்கோ கிளம்பிவிடும். பஸ்ஸுக்காக நிற்பவளை யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. ஆனால் அவள் போய்ச் சேர்வதற்குள் பேச்சும் சிரிப்பும் பாதி முடிந்திருக்கும்.

சனிக்கிழமை மாலை என் பின்விளக்கு அணைந்தது. மறுநாள் ஞாயிறு, இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறப்பதில்லை. "மியூன்ஸ்டரில் ஒன்று மழை பெய்யும், இல்லையேல் தேவாலய மணி அடிக்கும், இரண்டும் சேர்ந்தால் அன்று ஞாயிறு" என்று இவ்வூர்க்காரர்களே கேலியாகச் சொல்வார்கள். அன்று இரண்டும் சேர்ந்தே வந்தன.

ஒரு விளக்குக்கு இவ்வளவு அலட்டலா என்று மதுரையிலிருந்து பார்ப்பவர்கள் கேட்கக்கூடும். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் டிசம்பரிலும் ஆறரை மணிக்குள் விடிந்துவிடுகிறது. மியூன்ஸ்டரோ 52 பாகை வடக்கே இருக்கிறது. நவம்பர் கடைசியில் எட்டு மணியளவில்தான் சூரியன் எழுகிறது, மாலை நாலரைக்கெல்லாம் மறைந்தும் விடுகிறது. எனக்கு முதல் வகுப்பு 7.45-க்கு. ஆகவே போகும்போது இருட்டு, சில நாள் திரும்பும்போதும் இருட்டு. இந்தப் பருவத்தில் போலீசார் சாலையோரம் நின்று சைக்கிள் விளக்குகளைச் சோதிப்பது இங்கே வழக்கம். விளக்கில்லாமல் ஓட்டினால் அபராதம் 20 யூரோ. கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டினால் 55 யூரோ, அதாவது நம் பணத்தில் ஐயாயிரத்துக்கு மேல்! ஓட்டிக்கொண்டே காணொளி எடுக்கச் சொல்லும் அண்ணன்மார்கள் இதை மனத்தில் கொள்ளவும்.

திங்கட்கிழமை பஸ்ஸில்தான் போனேன். பள்ளி விட்டதும் சைக்கிள் கடையில் விசாரித்தேன். புது விளக்கு 24.95 யூரோ, மாட்டித்தரக் கூலி 15 யூரோ என்றார்கள். எதையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே விதித்திருக்கும் சட்டம் அந்த இடத்திலேயே உடைந்தது. ஏறத்தாழ நாலாயிரம் ரூபாய்! விரல்நுனி அளவு சிவப்பு வெளிச்சத்துக்கு நாலாயிரம் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பேட்டரி விளக்கு மலிவாகக் கிடைக்கும், 2013-லிருந்து சட்டமும் அதை ஏற்கிறது. ஆனால் எனக்கு அது அறவே பிடிக்காது. நிறுத்தும் இடத்திலெல்லாம் கழற்றிப் பையில் போட வேண்டும், மறந்தால் திரும்பி வரும்போது இருக்காது, சார்ஜும் வேண்டிய நேரத்தில்தான் தீரும்.

சொல்ல விட்டுப்போயிற்று, இது என் சொந்தச் சைக்கிள் அன்று. நான் தங்கியிருக்கும் ஹோஸ்ட் வீட்டு அண்ணன் வெளியூருக்குப் படிக்கப் போனபோது விட்டுச்சென்றது. அதில் முன்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே, சக்கரம் சுழலும்போது விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ இருக்கிறது. தாத்தாவின் சைக்கிளில் டயரோடு உரசிக்கொண்டு இரைச்சலிடுமே, பெடலை மிதிக்க மிதிக்கக் கனக்குமே, அந்தத் தொல்லை இதில் கிடையாது. பின் பிரேக்தான் இன்னும் எரிச்சலூட்டுகிறது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் நின்றுவிடும். சிக்னலில் நிற்கும்போது, கிளம்ப வசதியாகப் பெடலைப் பின்னுக்குச் சுற்றி மேலே கொண்டுவருவோமல்லவா, அது இங்கே நடக்காது. ஒவ்வொரு சிக்னலிலும் கேரியரைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கித்தான் பெடலைச் சரிசெய்கிறேன்.

விளக்குக்கு வருகிறேன். மாலையில் ஹோஸ்ட் அப்பா டார்ச் பிடிக்க, நான் மட்கார்டின் உள்பக்கமாக ஓடும் கம்பியைத் தடவிக்கொண்டே போனேன். விளக்கின் அடியில் கம்பி செருகப்படும் பட்டையான சிறு பித்தளைத் தகடு பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாளை மடித்து அது மஞ்சளாக மின்னும்வரை தேய்த்து, கம்பியை இறுக்கிச் செருகிவிட்டு, முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றினேன். எரிந்தது! செலவு, ஒரு துண்டு உப்புத்தாள். ஹோஸ்ட் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் காட்டினேன், பிறகு மதுரைக்கு வீடியோ அழைப்பு போட்டும் காட்டினேன். "விளக்கு கிடக்கட்டும், ஹெல்மெட் எங்கே?" என்றார் அம்மா. ஜெர்மனியில் சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை என்ற என் வாதம் எடுபடவில்லை. இப்போது வகுப்பில் சிலரைப்போல நானும் தலையில் ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு போகிறேன்.

நேற்று வகுப்புத் தோழிகளோடு புரொமனாட் முழுவதையும் சுற்றிவந்தேன். பழைய கோட்டைச் சுவர் இருந்த இடத்தில் நகரின் மையத்தை வளைத்துப் போகும் நாலரைக் கிலோமீட்டர்ப் பாதை அது. கார்களுக்கு அங்கே வேலையில்லை. இருமருங்கும் லிண்டன் மரங்கள். நனைந்த சருகில் டயர் வழுக்குகிறது என்பதொன்றே குறை. என்னைப் பின்தொடர்ந்து வந்தவள், விளக்கு நன்றாகத் தெரிகிறது என்று கேளாமலே சொன்னாள்.

என் சைக்கிள் பூட்டைப் பற்றி விசாரித்த அக்காவுக்கு ஒரு வார்த்தை: அதன் விலை கடையில் சொன்ன புது விளக்கின் விலையையும் மிஞ்சியது. ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வருகிறேன்.